நாற்பத்தேழாம் கதவில் நின்ற அலை

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு ஆய்வு நிலையத்தின் நடைவழியில் இருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் அலையாகிப் போனார்கள். அமலோற்பவம் மட்டும் ஆகவில்லை.

அந்த நிலையம் ஒரே ஒரு நடைவழிதான். மேற்கு முனையில் இயக்குநர் அறை, கிழக்கு முனையில் வாசல், இடையில் வரிசையாகக் கதவுகள். நடைவழியின் அகலம் ஓர் ஆள். நீளம் நாளுக்கு நாள் மாறும். மெல்லிய உலோகங்களை ஆராய்கிற இடம் மெல்லியதாகத்தான் இருக்க வேண்டும் என்று அதைக் கட்டியவர்கள் நினைத்தார்கள். அதனால் உள்ளே வந்தவர்கள் முன்னால் போகலாம், பின்னால் வரலாம். பக்கவாட்டில் ஒதுங்குவது என்பது அங்கே கிடையாது.

பன்னிரண்டு மணிக்கு டில்லியிலிருந்து மேலிடக் குழு வருவதாக இருந்தது. அவர்களுக்கு மரியாதையாக இயக்குநர் நீலமேகம் ஏசியைக் கடைசி எண் வரைக்கும் குறைத்து வைத்தார். குளிர் மேற்கிலிருந்து கிழக்கே நடந்து வந்தது. வந்த இடத்திலெல்லாம் ஆட்கள் கூடினார்கள். மூன்று பேர் நெருக்கி நின்றார்கள். பிறகு ஓர் இடைவெளி. மறுபடி மூன்று பேர். மறுபடி இடைவெளி. ஆட்கள் கூடிய பக்கம் சுவரும் கொஞ்சம் நகர்ந்து வந்து கொடுத்தது. கதவுகளும் மும்மூன்றாகச் சேர்ந்துகொண்டன. அதோடு எல்லாம் நின்றுவிட்டது.

அமலோற்பவம் நாற்பத்தேழாம் அறையில் உலை பார்த்துக்கொண்டிருந்தாள். உலைச் சூட்டில் குளிர் அவளை எட்டவில்லை. சத்தம் அடங்கியதைக் கேட்டு எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஒன்பது வருஷமாக இதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள், தலைமுடியைவிட மெல்லிய படிகத்துக்குள்.

அந்தப் படிகங்களை வளர்ப்பவள் அவள்தான். உலோகப் பொடியைக் குவார்ட்ஸ் குழாயில் அடைத்து, எழுநூறு டிகிரியில் இருபத்தொரு நாள் வைத்தால் பூனை மயிர் மாதிரி படிகம் முளைக்கும். அதில் எலக்ட்ரான்கள் தத்தம் போக்கில் ஓடிக்கொண்டிருக்கும். குளிர வைத்தால் ஓட்டம் நிற்கும். கூட்டம், இடைவெளி, கூட்டம், இடைவெளி என்று அலையாக உறைந்துவிடும். அப்புறம் ஓர் எலக்ட்ரான் தனியாக அசைய முடியாது. அசைந்தால் எல்லாம் சேர்ந்து அசைய வேண்டும். அதற்கு வெளியிலிருந்து மின்சாரத்தால் தள்ள வேண்டும். கொஞ்சமாகத் தள்ளினால் ஒன்றும் நடக்காது. ஓர் அளவைத் தாண்டித் தள்ளினால் மொத்த அலையும் ஒரே உடம்பாக வழுக்கிக்கொண்டு போகும். அந்த அளவு எவ்வளவு என்று அவள் ஒன்பது நோட்டுகளில் எழுதி வைத்திருந்தாள்.

நாற்பத்தேழாம் கதவுக்கு எதிரே நின்ற கூட்டத்தில் முதுநிலை விஞ்ஞானி சந்தானகிருஷ்ணன், ஸ்டோர் அதிகாரி பூமிபாலன், நூலகர் லலிதாங்கி ஆகிய மூவர் இருந்தார்கள். மூன்று பேர் சேர்ந்து நின்றதால் பத்து மணிக்கு அவர்கள் விசாரணைக் குழு ஆனார்கள். சந்தானகிருஷ்ணன் தலைவர்.

"அமலோற்பவம், அலை எங்க மாட்டியிருக்கு தெரியுமா?" என்று கேட்டார் அவர்.

"தெரியாது சார்."

"உங்க கதவுல."

"யார் சார் சொன்னா?"

"இங்க நகரலையே."

"எங்கயுமே நகரலையே சார்."

"அதத்தான் சொல்றேன். இங்க மாட்டினதாலதான் எங்கயும் நகரல."

அவள் பொறுமையாகவே பேசினாள். அலை நிற்பதற்குக் குளிர்தான் காரணம் என்றாள். நகர்வதற்குத் தள்ள வேண்டும் என்றாள். சந்தானகிருஷ்ணன் தலையை ஆட்டினார். அவர் தலையை ஆட்டியதால் நடைவழி முழுக்க முந்நூற்றுப் பன்னிரண்டு தலைகள் ஆடின.

"ஒரு மாசு இருந்தா அலை அதைப் பிடிச்சிக்கிட்டு நின்னுடும்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ஆறாவது நோட்டு."

"அது படிகத்துல சார்."

"படிகத்துல உண்மைன்னா நடைவழியில பொய்யாயிடுமா?"

"மாசு இல்லாத படிகமே கிடையாது சார். லட்சத்துல ஒண்ணாவது இருக்கும். அது யாரோட தப்பும் இல்ல."

"இங்க முந்நூத்திப் பதிமூணுல ஒண்ணு" என்றார் சந்தானகிருஷ்ணன். "எண்ணிப் பார்த்துட்டோம்."

பூமிபாலன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"சொந்த ஊர் எதும்மா?"

"திருச்சுழி பக்கம்."

"ஊரா, காலனியா?"

அவள் அவரைப் பார்த்தாள். ஒன்பது வருஷத்தில் உலைக்குத் திருகாணி கேட்டு அவரிடம் நூறு தடவை போயிருப்பாள். ஒரு தடவையும் அவர் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

"அலைக்கு அந்த வித்தியாசம் தெரியுமா சார்?"

"எங்களுக்குத் தெரியணுமே" என்றார் பூமிபாலன். பதிலுக்குக் காத்திராமல் அவரே எழுதிக்கொண்டார்.

மேற்கு முனையிலிருந்து ஒரு படிவம் கை மாறி கை மாறி வந்து சேர்ந்தது. மாசின்மைச் சான்றுக்கான விண்ணப்பம். முதல் கேள்வி, பெயர். இரண்டாவது, பெயரின் பொருள். மூன்றாவது, தாங்கள் இருக்கிறீர்களா. நான்காவது, ஆம் எனில் யாருடைய அனுமதியோடு.

அவள் சுவரில் வைத்து எழுதிக் கொடுத்தாள். சந்தானகிருஷ்ணன் படித்தார்.

"பெயரின் பொருள், மாசில்லாமல் பிறந்தவள். இது செல்லாது."

"ஏன் சார்? அதானே அர்த்தம்? எங்க பங்குச் சாமியார் வெச்ச பேரு."

"பேர்ல இருக்கறதையெல்லாம் சான்றா எடுத்துக்க முடியாது."

"அப்புறம் எதுக்குக் கேட்டீங்க?"

"படிவத்துல இருக்கு."

நான்காவது கேள்விக்கு அவள் ஒரு கோடு கிழித்திருந்தாள். அது ஆணவம் என்று குழு ஒருமனதாகக் கருதியது. ஆனாலும் கடைசியாக ஒரு வழி இருந்தது. இவள் மாசு இல்லை என்று அலைக்குள் இருக்கிற ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

அமலோற்பவம் லலிதாங்கியிடம் படிவத்தை நீட்டினாள். ஒன்பது வருஷமாக மதியத்தில் இருவரும் ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள். லலிதாங்கிக்குக் கருவாட்டுத் தொக்கு என்றால் உயிர். வீட்டில் செய்ய முடியாது. அதற்காகவே வாரம் ஒரு நாள் அமலோற்பவம் கூடுதலாக ஒரு டப்பா கொண்டு வருவாள்.

"போடு லலிதா."

"போடலாம்தான் அமலு." லலிதாங்கி நேரே எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "ஆனா நான் இப்ப அலையில இருக்கேனே. தனியா போட முடியாது. நான் போட்டா முந்நூத்திப் பன்னெண்டு பேரும் போடணும்."

"என் டப்பாவுல சாப்பிட்டப்ப முந்நூத்திப் பன்னெண்டு பேரையும் கேட்டா சாப்பிட்ட?"

"அப்ப குளிரலையே" என்றாள் லலிதாங்கி.

அமலோற்பவத்துக்குக் காது மடல் இரண்டும் சூடேறின. அவள் படிவத்தை மடித்து வைத்துக்கொண்டாள்.

முதல் தீர்மானம், அவள் கதவை விட்டு நகர வேண்டும். நகர்ந்தாள். நாற்பத்து நாலாம் கதவுக்குப் போய் நின்றாள். குழு காத்திருந்தது. அலை அசையவில்லை.

"பாத்தீங்களா சார்? நான் நகர்ந்துட்டேன். அலை நிக்குது."

"நீங்க நகர்ந்துட்டீங்க" என்றார் சந்தானகிருஷ்ணன். "நீங்க நின்ன இடம் இங்கயே இருக்கே."

பூமிபாலன் குரல் கொடுத்தார். வாளியில் தண்ணீர் வந்தது. பினாயில் வந்தது. மூன்று பேரும் குனிந்து அவள் நின்ற இடத்தைத் தேய்த்துக் கழுவினார்கள். மூன்று பேர் குனிந்ததால் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் குனிந்தார்கள். கழுவியது ஓரிடத்தை மட்டும்தான். ஆனால் நடைவழி நெடுக, கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும், கைகள் வெறுந்தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தன. லலிதாங்கி மூலை முடுக்கெல்லாம் விரல் விட்டுத் தேய்த்தாள். வீட்டு வேலையில் அவள் சுத்தக்காரி.

அழுகை வரும் என்று அமலோற்பவம் எதிர்பார்த்தாள். வரவில்லை. வந்தது வேறு. அது அடிவயிற்றில் தொடங்கித் தோள் வரைக்கும் ஏறி, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அவள் அதை அமுக்கவில்லை.

கழுவிய பிறகும் அலை நகரவில்லை.

"ஊறியிருக்கு" என்றார் பூமிபாலன்.

இரண்டாம் தீர்மானம் உடனே நிறைவேறியது. சந்தானகிருஷ்ணன் அதை வாசித்தார். அமலோற்பவத்தைக் குவார்ட்ஸ் குழாயில் அடைத்து, எழுநூறு டிகிரியில் இருபத்தொரு நாள் வைத்துத் தூய்மைப்படுத்த வேண்டும்.

"யார் அடைப்பா?" என்று கேட்டாள்.

"குழாய் அடைக்கத் தெரிஞ்சவங்க நிலையத்துலயே நீங்க ஒருத்தர்தான்."

"அப்ப என்னை நானே அடைச்சிக்கணும்."

"பொறுப்பா செய்வீங்கன்னு குழு நம்புது." அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "டில்லிக்காரங்க பன்னெண்டு மணிக்கு வந்துடுவாங்க. இருபத்தொரு நாளைப் பதினொண்ணரைக்குள்ள முடிச்சிடுங்க."

"மாட்டேன்" என்றாள் அமலோற்பவம்.

அந்தச் சொல் அங்கே புதிது. சந்தானகிருஷ்ணன் அதை மேற்கே இருந்தவரிடம் சொன்னார். அவர் அடுத்தவரிடம் சொன்னார். வாய் வழியாகவே அது இயக்குநர் வரைக்கும் போய், வாய் வழியாகவே பதில் வந்தது. இயக்குநர் கூப்பிடுகிறார்.

அவள் தன் அறைக்குள் போய் மேசை மேல் இருந்த வெள்ளிப் பசைக் குப்பியை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். ஏன் எடுத்தாள் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. பிறகு மேற்கே நடந்தாள்.

அவளை யாரும் தொடக் கூடாது என்று இதற்குள் மூன்றாவது தீர்மானமும் வந்திருந்தது. அதனால் அவள் வர வர ஆட்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். வயிற்றை உள்ளே இழுத்தார்கள். மூச்சைப் பிடித்தார்கள். ஓர் ஆள் அகலமே இருந்த நடைவழியில் அவளுக்குத் தாராளமாக வழி கிடைத்தது. இரண்டு கையையும் வீசிக்கொண்டே நடக்க முடிந்தது.

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இந்த நடைவழியில் ஒருவருக்காக ஒருவர் ஒதுங்கி அவள் பார்த்ததே இல்லை. போன வருஷம் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோதுகூட யாரும் ஒதுங்கவில்லை. அவரைத் தூக்கியவர்களுக்கு முன்னால் இருந்த நூற்றைம்பது பேரும் வாசல் வரைக்கும் நடந்து போய் வழி விட வேண்டியிருந்தது. அதற்குள் அவர் இறந்துவிட்டார். இடம் இல்லை என்றார்கள். இடம் இருந்திருக்கிறது.

நடைவழி நீண்டுகொண்டே போனது. முப்பதாம் கதவுக்குப் பிறகு மறுபடி முப்பது வந்தது. பத்தொன்பது மூன்று தடவை வந்தது. அவள் நிற்கவில்லை. மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டிருந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். அதில் பாதிப் பேருக்கு அவள் படிகம் வளர்த்துக் கொடுத்திருக்கிறாள்.

முதலாம் கதவில், தன் அறை வாசலிலேயே, இயக்குநர் நீலமேகம் கிழக்கே பார்த்து நின்றிருந்தார். அலையின் கடைசி ஆள் அவர். அவரும் ஒதுங்கினார். அவள் அவரைக் கடந்து அறைக்குள் போய் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள். அவரால் திரும்ப முடியாது. அவர் திரும்பினால் எல்லோரும் திரும்ப வேண்டும். அதனால் அவளிடம் பேச வேண்டியதையெல்லாம் அவர் கிழக்கே பார்த்துப் பேசினார்.

"உக்காருங்கம்மா."

அறையில் நாற்காலி இல்லை. அவள் நின்றாள்.

"ஏசியை நிறுத்துங்க சார். சூடு ஏறினா எல்லாரும் தனித்தனியாப் பிரிஞ்சிடுவாங்க. நடமாட்டம் வந்துடும்."

"ஏன் பிரியணும்? இப்பத்தான் ஒத்துமையா இருக்காங்க."

"அசையாம நிக்கறதுக்குப் பேரு ஒத்துமையா?"

"அசையும். தானா அசையும். மாசு இல்லாத அலை, தள்ளாமலே ஓடும். டில்லிக்கு அப்படித்தான் எழுதியிருக்கேன். அதைப் பாக்கத்தான் வர்றாங்க."

"ஓடாது சார். ஒன்பது வருஷம் அளந்தவ சொல்றேன். தள்ளினாத்தான் ஓடும். எவ்வளவு தள்ளணும்னு கணக்கா உங்ககிட்ட எழுதிக் கொடுத்தேன்."

"ஆமாம். அந்த எண்ணை நான் பூஜ்யமா மாத்திட்டேன்."

அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது.

"என்ன சார்?"

"கட்டுரை அச்சுக்குப் போறப்ப மாத்தினேன். பூஜ்யம்னா படிக்க அழகா இருக்கு. உங்க பேரையும் விடல. கடைசி வரியில நன்றி சொல்லியிருக்கேன். திருமதி அமலா."

"அது யாரு?"

"நீங்கதான்."

"எனக்குக் கல்யாணமே ஆகல."

"மரியாதைக்குப் போட்டேம்மா" என்றார் நீலமேகம்.

ஏசியின் ரிமோட் அவருடைய பேன்ட்டின் பின்பையில் துருத்திக்கொண்டிருந்தது. கையை நீட்டினால் எடுத்துவிடலாம். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். அவள் அதை எடுக்கவில்லை. சுமுகமாக முடிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

குப்பியைத் திறந்தாள். மின்சாரம் எதற்குள்ளும் சும்மா போய்விடாது. முதலில் தொட வேண்டும். தொடுகிற இடம் நன்றாகப் பற்றுவதற்காகப் படிகத்தின் முனையில் வெள்ளிப் பசை பூசுவார்கள். அவள் அதை இரண்டு உள்ளங்கையிலும் வழித்து, விரல் நுனி வரைக்கும் பூசிக்கொண்டாள். பிறகு இயக்குநரின் வெள்ளைச் சட்டை மேல் இரண்டு கையையும் பதித்தாள்.

அவர் உடம்பு விறைத்தது.

"என்ன பண்றீங்க?"

"தொடறேன் சார்."

"தீர்மானம் இருக்கும்மா. மூணாவது தீர்மானம்."

அவள் தள்ளினாள். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காது என்று அவளுக்குத் தெரியும். ஓர் அளவு வரைக்கும் சுவரைத் தள்ளுகிற மாதிரிதான் இருக்கும். ஒன்பது நோட்டுகளை நினைத்துத் தள்ளினாள். அசையவில்லை. திருமதி அமலாவை நினைத்துத் தள்ளினாள். அசையவில்லை. பூமிபாலனின் பேனாவை நினைத்தாள். இயக்குநரின் முதுகெலும்பு அவள் உள்ளங்கையில் தட்டுப்பட்டது, அவ்வளவுதான். ஈரத் தரையில் மூலை முடுக்கெல்லாம் போன லலிதாங்கியின் விரல்களை நினைத்தாள். தோளில் உட்கார்ந்திருந்தது மொத்தமும் கைக்கு இறங்கியது.

டக்.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஓரடி கிழக்கே போனார்கள்.

டக். மறுபடி ஓரடி. யாரும் கால் எடுத்து வைக்கவில்லை. நின்ற நிலையிலேயே வழுக்கிப் போனார்கள். கூட்டம் கூட்டமாகவே, இடைவெளி இடைவெளியாகவே. டக், டக், டக் என்று ஒரே சீராகச் சத்தம் வந்தது. சோதனைக் கருவியில் அவள் எத்தனையோ தடவை கேட்ட சத்தம். இவ்வளவு பெரிதாகக் கேட்டதில்லை.

கிழக்கேயிருந்து ஒரு கூச்சல் கிளம்பி வாய் வழியாக வந்து சேர்ந்தது.

"ஓடுது! தானா ஓடுது!"

பின்னாலேயே நாலாவது தீர்மானம் வந்தது. மாசு நீங்கியது, அலை எவர் தள்ளுதலும் இன்றித் தானே ஓடத் தொடங்கியது, இயக்குநருக்குப் பாராட்டு.

"கேட்டீங்களாம்மா?" என்றார் நீலமேகம். மூச்சு வாங்கியது அவருக்கு. "தானா ஓடுதாம்."

"கேட்டேன்" என்றாள். இன்னும் பலமாகத் தள்ளினாள்.

டக்டக்கென்று வந்த சத்தம் நெருங்கி நெருங்கி ஒரே ரீங்காரமானது. கதவுகள் பறந்தன. பத்தொன்பது, பத்தொன்பது, பத்தொன்பது, முப்பது, முப்பது, நாற்பத்தேழு. கழுவிய இடத்தை எல்லோரும் மிதித்துக்கொண்டு போனார்கள். அங்கே எதுவும் அவர்களைப் பிடித்து நிறுத்தவில்லை. நடைவழி நீளப் பார்த்தது. அவள் தள்ளிய வேகத்துக்கு அதனால் நீள முடியவில்லை.

வாசல் வழியாக மும்மூன்று பேராக வெளியே கொட்டினார்கள். சித்திரை மாத வெயில். வெயில் பட்டதும் ஆட்கள் பிரிந்தார்கள். ஒருவர் டீக்கடைப் பக்கம் போனார். ஒருவர் செருப்பைத் தேடினார். ஒருவர் போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார். எல்லோரும் தத்தம் கையைத் தனியாக அசைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

லலிதாங்கி வாசல் படியருகே நின்றிருந்தாள். அவள் கையில் பினாயில் வாடை அடித்தது. அமலோற்பவம் வெளியே வந்ததும் ஓடி வந்தாள்.

"அமலு, அந்தப் படிவத்தைக் குடு. இப்பப் போடறேன்."

"சூடாயிடுச்சா?" என்று கேட்டாள் அமலோற்பவம்.

அமலோற்பவம் அவளைத் தாண்டிப் போனாள். ஒதுங்கிப் போகவில்லை. லலிதாங்கிதான் விலக வேண்டியிருந்தது.

டில்லிக் குழுவின் கார் வந்து நின்றிருந்தது. நாலைந்து பேர் இறங்கியிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவியாக வந்தவர் நரைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஓர் அம்மாள். இயக்குநர் நீலமேகம் மூச்சிரைத்தபடியே அவரை நோக்கிக் கும்பிட்டார்.

"நீங்களே பாத்தீங்க. யாரும் தள்ளல. தானா ஓடி வந்துச்சு." கட்டிடத்தைக் காட்டுவதற்காக அவர் திரும்பினார்.

வெயில் அவர் முதுகில் விழுந்தது. வெள்ளைச் சட்டையில் இரண்டு கைகள் பளபளத்தன. பத்து விரலும் விரிந்திருந்தன. ரேகைகூடத் தெரிந்தது. அவ்வளவு அழுத்திப் பதிந்திருந்தது.

"உங்க முதுகுல என்ன அது?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"எங்க?" நீலமேகம் முதுகைப் பார்க்க முயன்றார். ஒரு சுற்றுச் சுற்றினார். அவரோடு சேர்ந்து யாரும் சுற்றவில்லை. "சந்தானம், என் முதுகுல என்ன இருக்கு?"

சந்தானகிருஷ்ணன் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல சார்."

"வெயில் சார்" என்றார் பூமிபாலன்.

வாசலில் நின்ற முந்நூறு பேரும் அந்த முதுகைப் பார்த்தார்கள். இப்போது அவர்களில் யார் வேண்டுமானாலும் தனியாக வாயைத் திறக்கலாம். யாரும் திறக்கவில்லை.

அமலோற்பவம் கூட்டத்துக்கு நடுவே நடந்து வந்து, இயக்குநரின் பக்கத்தில் நின்று, இரண்டு உள்ளங்கையையும் அந்த அம்மாளுக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

"என் கை" என்றாள். "தள்ளினது நான்."